சங்கத்தின் கையிருப்பு

லூனாஸ் கடைத்தெரு, மினி மார்க்கெட்டுக்கு மேல்மாடி.
சங்கத்தைக் கலைக்கும் பாரம், நான்கு பக்கம்.
தொடங்கிய தேதி கேட்கிறது.
பச்சை அட்டைக் குறிப்பேட்டைத் திறந்தேன்.

முதல் பக்கம் மதுவிலக்குச் சத்தியம்.
கீழே எண்பத்து மூன்று பெருவிரல்கள்.
பாதி ரேகைகளின் நடுவே வெள்ளைத் திட்டு.
மரம் சீவிவிட்டு நேரே வந்த கைகள்;
பால் காய்ந்த இடத்தில் மை ஒட்டவில்லை.
அன்று சம்பள நாள்.
கள்ளுக்கடைக்குப் போகும் வழியிலேயே
மேசை போட்டிருக்கிறார் கிராணி மாசிலாமணி.

மூன்றாம் கூட்டம்: கடையை மூடக் கோரி மனு.
ஐந்தாம் கூட்டம்: துரையின் பதில் வாசிக்கப்பட்டது.
பள்ளிக்கூடத்துச் சிலேட்டு, கோயில் கூரைத் தகரம்,
திடலில் கோல் கம்பம், பந்து,
எல்லாம் கள்ளுக்கடை லாபத்தில் வந்தவையாம்.
அதற்குக் கீழே அரைப்பக்கம் வெற்று.
அவ்வளவு நேரம் யாரும் பேசவில்லை என்று
நான் எடுத்துக்கொள்கிறேன்.

பிறகு ஒரு தீர்மானம். முன்மொழிந்தவர்
வெளிக்காட்டு வேலை காத்தாயி:
"தகரத்தைப் பிடுங்க முடியாது.
பந்தைத் திருப்பிக் கொடுப்போம்."

கொடுத்தார்கள். ஆபீசில் ரசீதும் கேட்டு வாங்கினார்கள்;
இதோ, குண்டூசித் துருவோடு.
பையன்கள் ஒட்டுப்பாலைச் சுற்றிச் சுற்றி
வேறொரு பந்து உருட்டினார்கள்.
உதைத்தால் கோயிலைத் தாண்டியது.
நாற்றம், மாசிலாமணியின் சொல்லில், "சகிக்கவில்லை".
எதிரணிகள் வர மறுத்ததால்
அந்த வருஷம் தோல்வியே இல்லை.

பொருளாளர் எத்திராஜுலு, சத்தியம் மீறியதற்கு அபராதம் ஐம்பது காசு.
அடுத்த மாதம் எத்திராஜுலு, ஐம்பது காசு.
அடுத்த மாதமும்.
தன் பெயரைத் தானே எழுதி
தன் காசைத் தானே வரவு வைத்து
கூட்டலில் ஒரு காசு பிசகாமல்.
ஒருமுறை அவரை நீக்கப் பார்த்தார்கள்.
வேறு யாருக்கும் கணக்குத் தெரியவில்லை.

பதினொன்றாம் ஆண்டு கடையை மூடினார்கள்.
அந்த வாரமே சைக்கிள் டியூபில் சம்சு வந்தது.
கூட்டக் குறிப்பில் ஒரே வரி:
"இதற்கு யாரிடம் மனுக் கொடுப்பது?"

பாரத்தின் கடைசிப் பக்கம்.
கையிருப்பு: நாற்பத்தொரு வெள்ளி ஐம்பது காசு.
எங்கிருந்து என்று பின்னோக்கிக் கூட்டினேன்.
சந்தா முழுக்கத் தேத்தண்ணிக்கும் மண்ணெண்ணெய்க்கும்
என்றோ தீர்ந்துவிட்டது.
மிச்சம் அத்தனையும் எத்திராஜுலு.

நோக்கம் நிறைவேறியதா? ஆம், இல்லை,
பொருந்தாததை அடிக்கவும்.

கீழே லாரியிலிருந்து பியர் பெட்டிகள் இறங்குகின்றன,
ஒவ்வொன்றும் தரையைத் தொடும்போது
கண்ணாடி கொஞ்சம் சிணுங்குகிறது.
பேனா மூடியைக் கடித்துக்கொண்டு
எண்ணிக்கொண்டிருக்கிறேன்.