ஆம், இல்லை, தெரியாது

டுலூத்தில் ஏப்ரல் என்பது
பாதி உருகிய மார்ச்.
ஏரியின் மேல் இன்னும் பனிப்பாளம்.
காரை விட்டு இறங்கிய மார்லிஸ் ஹாபலா
வாசலைப் பார்க்கவில்லை, வணக்கம் சொல்லவில்லை.
முழங்கால்வரை ரப்பர் பூட்ஸோடு
நேரே நிலவறைக்குப் போனாள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்பும் இப்படித்தான்.
அன்று நான் வாங்க வந்தவன்.
பஸ் டிப்போவில் பிரேக் மாற்றும் கை,
பாங்கில் முப்பத்தோராயிரம் டாலர்,
கீழே நீ இரு, மாடியை வாடகைக்கு விடு,
கடன் தன்னைத் தானே தின்றுகொள்ளும் என்று
கான்டீனில் யாரோ போட்டுக் கொடுத்த கணக்கு.

விளம்பரத்தில் 'அடக்கமான வீடு'.
சின்னது, என்றாள்.
'தனிக்குணம் உள்ளது'.
கதவு மூடாது.
'ஏரி தெரியும்'.
தெரியும், குளியலறையில் ஸ்டூல் போட்டு ஏறினால்.

கொதிகலன் வயிற்றில் காதை வைத்துக் கேட்டு
'ஆஸ்துமா' என்றாள்.
கூரைக்கு இன்னும் இரண்டு குளிர்காலம்.
நிலவறைச் சுவரில் பூத்திருந்த உப்பைச் சுரண்டி
என் உள்ளங்கையில் வைத்தாள்:
'தண்ணீர் வந்து போனதற்கு ரசீது.
பதினாலாயிரம் குறைத்துக் கேள், டெல்மர்.'
பதினொன்று குறைத்தார்கள்.
விலை குறைந்தால் தரகும் குறையும் என்பது
கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பும்போது
சிக்னலில் நிற்கையில்தான் எனக்கு உறைத்தது.

இருந்தும், விற்க நினைத்ததும்
நான் அவளைக் கூப்பிடவில்லை.
டிரெவர் லிண்டாலைக் கூப்பிட்டேன்.
வீட்டைப் பார்க்காமலே விலை சொன்னான்,
காதுக்கு இதமான விலை.
சுவருக்கு ஒரு கோட் வெள்ளை அடியுங்கள்,
மூலையில் ஒரு வெனிலா மெழுகுவர்த்தி, என்றான்.
அடித்தேன். ஏற்றினேன்.
ஆறு வாரம். ஓர் ஆள் விலை பேச வரவில்லை.
அவன் போனை எடுக்கும் பெண்கள் மட்டும்
மாறிக்கொண்டே இருந்தார்கள்.

இப்போது மார்லிஸ் அந்த வெள்ளையில்
விரலை அழுத்துகிறாள்.
பெயிண்ட் தோல்போல உரிந்து வருகிறது.
ஒன்றும் சொல்லாமல்
மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டு
மேலே வந்தாள்.

'மாடியில் சொல்லிவிட்டாயா?'
விற்றபிறகு சொல்லலாம் என்றேன்.
'வாங்க வருகிறவன் முதலில் கேட்பது,
வாடகை எவ்வளவு.
அடுத்தது, அவள் எப்போது கிளம்புவாள்.
இரண்டு கேள்விக்கும் பதில் ரோஸலிண்ட்தான்.
கேள்வி மட்டும் அவளுக்குத் தெரியாது, இல்லையா?'

ரோஸலிண்ட் போலியூ,
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம், இரவு ஷிப்ட்.
எழுநூற்றைம்பது டாலர், மாதம் முதல் தேதி,
ஒரு தடவையும் இரண்டாம் தேதி ஆனதில்லை.
வாடகையை ஏற்றச் சொல்லி
மார்லிஸ் மூன்று தடவை போன் செய்தாள்.
நான் ஏற்றவில்லை. அது இரக்கமா சோம்பலா
என்று இன்றுவரை பிரித்துப் பார்த்ததில்லை.

சமையலறை மேசையில் படிவம்.
பதினேழாம் கேள்வி: நிலவறையில் ஈரம் உண்டா?
மூன்று கட்டம். ஆம். இல்லை. தெரியாது.
தெரியாது என்ற கட்டம்தான்
உட்கார இடம்கொடுப்பதுபோல் இருந்தது.

'ஆம் போட்டால் எவ்வளவு போகும்?'
'பதினோராயிரம் போகலாம்.
உன்னிடம் அது இருக்கிறது.
ஒன்பது வருஷமாக.'

தலைக்குமேல் கதவு திறந்தது.
ஷிப்ட் முடிந்து வந்துவிட்டாள்.
கீழே எனக்குக் கேட்கக்கூடாதென்று
ஷூவைக் கழற்றிவிட்டு நடக்கிற சத்தம்
எனக்கு எப்போதும் கேட்கும்.

பேனா குளிரில் எழுத மறுத்தது.
மார்லிஸ் அதை வாங்கி
இரண்டு கைக்குள் உருட்டிச் சூடேற்றித் தந்தாள்.
போட்டேன்.
டிக் கட்டத்தைத் தாண்டி வெளியே போய்விட்டது.

'இவ்வளவு பெரிதாக வேண்டாம்,' என்றாள்,
'விலை இனிமேல்தான் பேசவேண்டும்.
அதற்கு முன்னால் மாடிக்குப் போய்விட்டு வா.
நான் காப்பி போடுகிறேன்.
சர்க்கரை எங்கே?'