பகடிக் குடித்தனம்

தமிழில் பகடி என்றால் கேலி.
பம்பாயில் பகடி என்றால்
என்றைக்கோ கொடுத்த முன்பணம்,
மாதம் நாற்பது ரூபாய் வாடகை,
மூன்று தலைமுறைக்கு அசையாத குடித்தனம்.
தோபி தலாவில் வக்கீல் தாராப்பூர்வாலா ஆபீசில்
இருபது வருஷமாக நான் அடிப்பதெல்லாம்
காலி செய்யச் சொல்லும் மனுக்கள்.
ஜெயித்தது என் நினைவில் நாலு.

அதனால்தான் சயான் ஆஸ்பத்திரியில்
ஆறு மாத வயிற்றோடு நின்றபோது
டாக்டர் சப்னிஸ் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
"பிறந்த நாளிலிருந்தே இருந்திருக்கும்" என்றதும்
எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.
அம்மா வாசல் திறந்த நேரம் பார்த்து
என் பின்னாலேயே நுழைந்தவன்.

இருபத்தெட்டு வருஷம் சத்தமே இல்லை.
கோடி கோடியாய்ப் பெருகியிருக்கிறான்,
ஈரல் ஒரு முனகல் முனகவில்லை.
என் உடம்பின் காவல்காரர்களும்
முதல் நாளே பார்த்த முகம் என்பதால்
வீட்டுப் பிள்ளை என்று விட்டுவிட்டார்கள்.
நான் கபடி ஆடினேன்.
ஓடுகிற லோக்கலில் தொற்றினேன்.
டைப்ரைட்டிங் ஹையர் தேறினேன்.

முப்பத்து மூன்றில் சண்டை.
அவன் இடித்தது ஒன்றுமில்லை, கேளுங்கள்,
இடித்ததெல்லாம் என் ஆட்கள்.
தாமதமாக விழித்த காவல்
அவன் ஒளிந்த அறைகளை
அறையோடு சேர்த்துத் தகர்த்தது.
எஸ்ஜிபிடி முந்நூற்றுப் பத்து.
தாதர் படிக்கட்டில் பாதியில் உட்கார்ந்துவிட்டேன்;
சாமந்தி விற்கிறவள் கூடையை நகர்த்தி இடம் கொடுத்தாள்.
ஒரு மழைக்காலம் முழுக்க அப்படி.
பிறகு ஓய்ந்தது.
"ஈ போயாச்சு, எதிர்ப்பு வந்தாச்சு" என்றார் டாக்டர்
ஏதோ பால்பல் விழுந்து முளைத்த மாதிரி.

எல்லோருக்கும் அப்படியே ஓய்ந்துவிடுவதில்லை.
அண்ணன் எசக்கிராஜுக்குப் பத்து வருஷம் அமைதி.
அப்புறம் அதே ஆள் அடையாளத்தை மாற்றிக்கொண்டு
பின்வாசல் வழியாக எழும்பினான்.
வாழ்நாளில் பீர் கூடத் தொடாதவன் அண்ணன்.
தொண்ணூறு அடி ரோட்டில்
"குடிச்சே வயித்த வீங்க வச்சுக்கிட்டான்" என்றார்கள்.
அம்மாவுக்கும் இதே பேச்சுதான்,
கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டே பேசிய பேச்சு.
தழும்பின் மேல் தழும்பாய் ஈரல்
கடைசியில் கைக்குக் கல்லாகத் தட்டுப்பட்டது.
அம்மாவின் தட்டைத் தனியாக வைத்தோம்.
தட்டில் வராது என்று சொல்ல
எங்களில் ஒருத்தருக்கும் அன்று தெரியாது.

ஒரே ஒரு வழக்கை மட்டும்
குடியேறும் முன்பே போட்டேன்.
கடைசி மூன்று மாதம் ராத்திரிக்கு ஒரு மாத்திரை.
பிறந்த நாலாவது மணி நேரம்
இந்தத் தொடையில் ஒரு ஊசி, அந்தத் தொடையில் ஒரு ஊசி.
வீறிட்டாள் நித்திலா.
ஆயா கதவைச் சாத்தப் போனாள்.
நான் வேண்டாம் என்றேன்.
வராந்தா முழுக்கக் கேட்கட்டும்.

எனக்கு இப்போது நாற்பத்தைந்து.
அவன் இருக்கிறான்.
உயிரணுவின் உட்கருவுக்குள்
பத்திரத்தைச் சுருட்டி வைத்திருக்கிறான்,
அங்கே கைவிட்டு எடுக்க மருந்து இன்னும் வரவில்லையாம்.
ஆறு மாதத்துக்கு ஒரு தாரீக்:
ரத்தம், ஸ்கேன், குளிர்ந்த ஜெல்லி.
விலாவுக்கடியில் கருவி அழுந்தும்போது
திரையைப் பார்க்க மாட்டேன்,
பார்க்கிறவர் முகத்தைப் பார்ப்பேன்.
"சப் டீக்."
அடுத்த தேதி.

நேற்று காலேஜ் சேர்க்கைக்கென்று
நித்திலா ரத்தம் கொடுத்த காகிதம் வந்தது.
அவன் இல்லை என்று ஒரு வரி,
எதிர்ப்பு இருக்கிறது என்று ஒரு வரி.
ஃபிரிட்ஜ் மேல் கரண்ட் பில்லோடு போட்டுவிட்டு
"பசிக்குதும்மா" என்றாள்.
தொழில் பழக்கம்,
எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை படித்தேன்.
அம்மா பெயர் என்ற இடத்தில்
என் பெயரைத் தப்பாக அடித்திருந்தார்கள்.
போகட்டும்.