பெருவிரல்

புதியவர் பதவியேற்ற மாதம்
கருங்கல் கிளைக்குச் சுற்றறிக்கை வந்தது:
தொழில் கடன் கோப்புகளை ஏழு நாளில் முடிக்கவும்.
ஏழு மாதம் தூங்கிய கோப்புகள்
எழுந்து நடந்து மேலே போய்
கையெழுத்தோடு திரும்பின.
பொய் சொல்லக்கூடாது, எனக்குப் பிடித்திருந்தது.
நானும் அவருக்குத்தான் வாக்களித்தேன்,
மழையில் குடை பிடித்து வரிசையில் நின்று.
நகத்தில் அந்த மை தேய அதிக நாளாயிற்று.

ஜெபசிங் அண்டி ஆபீசுக்கு ஆறாம் நாளே கடன்.
நாலு தல்லு மிஷின், ஒரு பாய்லர்,
கப்பலில் வரும் ஆப்பிரிக்க அண்டியை அடுக்க ஒரு குடோன்.
முதலாளி லட்டு கொண்டுவந்தார்.
"மேல ஊத்துனா கீழ வராம எங்க சாறே போவும்?"
வெளியே மழை விட்டிருந்தது.
ரோட்டோர ரப்பர் மரங்கள்
இலைக்குள் பிடித்துவைத்ததை
அவசரமில்லாமல் சொட்டிக்கொண்டிருந்தன.

ரெத்தினபாயை அதற்கு முன்பே தெரியும்.
இருபத்தாறு வருஷம்
தல்லுப் பலகை முன்னால் இருந்தவள்.
அண்டிக் கறை தின்று தின்று
பத்து விரலும் செல்லாக்காசுபோல் வழுவழுத்திருந்தன.
ரேகைப் பெட்டியில் பெருவிரலை வைப்பாள்.
சிவப்பு.
துடைத்து வைப்பாள். சிவப்பு.
"வேற விரல் வையுங்க."
சிவப்பு.
அப்புறம் மேனேஜர் அறை, இரண்டு சாட்சி, மூன்று படிவம்.
தன் பைசாவை வாங்க அவளுக்கு அரை நாள்.
அரை நாள் என்றால் நாலு கிலோ பருப்பு.

மிஷின் ஓடத் தொடங்கிய மூன்றாம் மாதம்
தல்லில் நூற்றிப்பத்துப் பேர் இருந்த இடத்தில்
பதினெட்டுப் பேர்.
கிரேடிங்குக்குப் புதிதாய் எடுத்தார்கள்,
கண் கூர்மையான பிள்ளைகளாய்.
ரெத்தினபாயின் மகள் ஷைனியும் அதில் ஒருத்தி.
மாதச் சம்பளம், பி.எஃப்., தலைக்கு வலை.
இதை நான் எந்தப் பக்கம் எழுத?
தாய் பற்று, மகள் வரவு,
கூட்டிக் கழித்தால் அந்த வீட்டில்
மாதம் ஆயிரத்துச் சொச்சம் துண்டு விழுகிறது.
அடுத்த வருஷம் விழாமல் இருக்கலாம்.
ஷைனிக்குக் கல்யாணமானால் மொத்தமும் விழலாம்.

டீக்கடையில் ரப்பர் வெட்டுகிற ஸ்டான்லி சொன்னான்:
"ரோடு வந்திருக்குல்லா? கண்ணு தெரியலியா?"
சாளைக் கூடையை இறக்கிவைத்த புஷ்பம் கேட்டாள்:
"ரோடு நல்லாத்தான் கெடக்கு.
வாங்க ஆளு வரணும்லா அதுல?"
இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.
வங்கிக்காரனுக்குத் தெரியும் என்று ஒரு நினைப்பு.
நான் வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

ஜெபசிங் கடனில் ஒரு தவணையும் தவறவில்லை.
மண்டல அலுவலகம் எங்களுக்குக் கேடயம் தந்தது.
ஏ.சி.க்குக் கீழே வைத்திருக்கிறோம்,
சிலநேரம் அதன்மேல் தண்ணீர் சொட்டும்.

ஆனி மாதச் சாரலில் ரெத்தினபாய் வந்தாள்.
கணக்கு முடித்து ஆபீசில் போட்ட பணத்தில்
கொஞ்சம் எடுக்க.
பழக்கத்தில் நான் மூன்று படிவத்தையும்
முன்கூட்டியே எடுத்துவைத்தேன்.
அவள் பெருவிரலை வைத்தாள்.
பச்சை.

திரையில் முழுப்பெயர் வந்தது,
செத்துப்போன புருஷன் பெயரோடு.
அவள் கையை எடுத்து
வேறு யாருடையதோபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
நாலு மாதம் சும்மா இருந்ததில்
தோல் வளர்ந்திருந்தது.
மெலிசாய், வளைந்து வளைந்து, கோடுகள்.

"இனி ஒரு நிமிஷ வேலைதான்" என்றேன்,
ஏதோ நான் செய்துகொடுத்த உபகாரம்போல.

நோட்டை இரண்டுமுறை எண்ணினாள்.
முந்தானையால் பெட்டியைத் துடைத்தாள்,
அதில் கறை ஏதும் இல்லை என்றாலும்.
வாசல்வரை போய்த் திரும்பி நின்றாள்:

"டீ கிளாசு இப்பம் கைய சுடுது சாறே.
முன்ன ஒண்ணும் தெரியாது."