பாரம்

தோ பாயோ சமூக மன்றம். வரிசை எண் நாற்பத்தேழு.
குளிக்க முடியுமா? முடியும்.
சட்டை போட? முடியும்.
நாற்காலியை விட்டு எழ?
"துறைமுகத்துல இருபத்தெட்டு வருஷம்
பாரந்தூக்கி ஓட்டினவன் நான்."

மூன்று 'முடியாது'வாவது வேண்டும்
இந்தப் பாரத்துக்கு.
நஸீமா பேனாவை மூடினாள்.
அவர் சட்டையைப் பார்த்தாள்:
காலை அவசரத்தில்
ஒரு பொத்தானை மாற்றிப் போட்டிருந்தேன்.

"யாரு போட்டுவிட்டது, அங்கிள்?"

ஏர்கான் இரைச்சல்.
"இவதான்."
"குளிப்பாட்டுறது?"
"இவதான்."
தூக்கி உட்கார வைப்பது யாரென்று
அவள் கேட்குமுன் சொன்னார்
என் முழுப்பெயரை,
எழுத்துப் பிழை வந்துவிடக் கூடாதென்பதுபோல்:
சௌந்தரவல்லி.

எண்பத்தெட்டாம் நம்பர் பஸ்ஸில்
இடக்கையால் அந்தப் பொத்தானை
நெம்பிக்கொண்டே வந்தார்.
பீஷான் தாண்டியும் கழலவில்லை.
நான் ஜன்னல் பக்கம்
பார்த்துக்கொண்டிருந்தேன்.