சில்லு வீடு

கண்ணிவெடி அகற்றின கொம்பனி
கணக்கு முடித்துக்கொண்டு போனபோது
ஏலத்தில் விட்ட ஒற்றை அறை அது.
கதவு ஒன்று. யன்னல் மூன்று.
ஒன்றுக்குக் கண்ணாடி இல்லை.
அடியில் இரண்டு சில்லு,
முன்னால் நீட்டின ஓர் இரும்பு நாக்கு.
வாங்கியவள் பவளராணி.
முத்தையன்கட்டில் மீன் நிறுக்கிற இடத்தில்
தேத்தண்ணிக் கடை போடுவதாக யோசனை.

"ஒட்டுசுட்டான்லருந்து இழுத்துட்டு வந்துருவீங்களா?"
"இதென்ன பெரிய வேலை" என்றேன்.
பரந்தனிலிருந்து வவுனியா மட்டும்
ஐந்தாம் கியரை விட்டு இறங்கிப் பழகாத கை.
எனக்குத் தெரிந்த ஏற்றமெல்லாம்
பாலத்தின் முதுகும்
பள்ளிக்கூட வாசலின் வேகத்தடையும்.

என் கெப்பின் கொக்கியில் நாக்கை மாட்டிச்
சங்கிலி போட்டு ஆணி இறுக்கினோம்.
நாற்பத்தைந்தைத் தாண்டியதும்
கண்ணாடியில் வீடு இடம் போனது,
வலம் போனது.
சந்தோசத்தில் வாலாட்டுகிற நாயைப்போல,
ஆனால் அந்த வாலில் கட்டியிருந்தது நாங்கள்.

"பிரேக்க தொடாதீங்க" என்றாள்,
குரலை உயர்த்தாமல்.
"கால மட்டும் எடுங்க."
எடுத்தேன். வால் அடங்கியது.
பாலை மர நிழலில் ஓரங்கட்டி
நான் பீடி தேடுகிற நேரத்துக்குள்
அவள் உள்ளே ஏறிப்
பின்சுவரோடு நின்ற ஐஸ்பெட்டியைத் தள்ளத் தொடங்கியிருந்தாள்.
"பின்னால பாரம் இருந்தா
வீடு நம்மள ஓட்டும்."
அப்புத்தளையில் மரக்கறி லொறியில் ஐந்து வருசம்,
கணக்குக் கொப்பியோடு
சாரதிக்குப் பக்கத்து இருக்கையாம்.
ஸ்டியரிங் பிடித்ததே இல்லையாம்.
சத்தம் தெரியுமாம், அவ்வளவுதான்.

பிறகு குளக்கட்டு.

ஒவ்வொரு நாளும் பார்க்கிற கட்டுத்தான்.
மாடு ஏறும், பிள்ளைகள் சைக்கிள் உழக்கி ஏறுவார்கள்.
அன்றைக்கு அது எழும்பி நின்றது.
பாதி ஏற்றத்தில் பின்சில்லு கிறவலைத் துப்ப,
கெப்பின் மூக்கு வானத்தைப் பார்க்க,
வீடு மெல்ல, மிக மெல்ல,
எங்களைத் தன் பக்கம் கூப்பிட்டது.
அவள் குதித்து இறங்கி
ஒரு கல்லை உதைத்துச் சில்லுக்குக் கீழே செருகினாள்.
வலை காய விட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர்
அருகில் வரவுமில்லை, சிரிக்கவுமில்லை.
சிரித்திருக்கலாம்.

கிளச் கருகும் மணத்தோடு
இரண்டாம் முறை ஏறினோம்.
மேலே ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வயல்,
நடுவில் ஒரு கெப்பின் அகலம்.
முப்பது அடி உயரத்தை மலை என்று சொல்ல
வெட்கமாய்த்தான் இருந்தது.
முழங்கால் அதைக் கேட்கவில்லை.

"ஏறின கியர்லயே இறங்குங்க."
நியூட்ரலுக்குப் போயிருந்த கை திரும்பி வந்தது.
இவ்வளவு நேரமும் பின்னால் இழுத்த பாரம்
இப்போது முதுகில் கைவைத்துத் தள்ளியது.
எஞ்சின் ஊளையிட்டது.
ஊளையிடட்டும், அதுதான் பிடிக்குது என்றாள்.
நான் மூச்சு விட்டது
கீழே, மணல் சமமான பிறகு.

நான்கு மூலைக்கும் செங்கல் வைத்து நிமிர்த்திக்
கூலியைக் கேட்கலாமா,
கிளச்சுக்கும் சேர்த்துக் கேட்கலாமா
என்று நான் வாசலில் நிற்கையில்
அவள் உள்ளே துணியோடு
ஒரு வெள்ளைப் பலகையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.
"விபத்தில்லாத நாட்கள்: 212."
யாரோ அழியாத மையில் எழுதியிருந்தார்கள்.
மண்ணெண்ணெய் போட்டும் போகவில்லை.

போகாதது போகட்டும் என்று
அதற்குக் கீழேயே எழுதினாள்:
பிளேன்டீ 40.
பால்தேத்தண்ணி 90.
கடன் இல்லை.

முதல் கோப்பை எனக்கு.
நாற்பதைக் கழித்துக்கொண்டுதான்
கூலி தந்தாள்.