சர்வே எண் 214/3-இல் ஒரு வாய்க்கால்

மூன்று நாளாய்ப் பறக்கவில்லை ட்ரோன்.
வாளையாறு தாண்டி வருகிற கணவாய்க் காற்று
பனைமட்டைகளைப் போட்டு அறைகிற மாதம்.
வில்லேஜ் ஆபீஸ் ஜீப்பின் பின்சீட்டில்
பெட்டிக்குள்ளேயே கிடந்தது,
தீனி எடுக்காத கோழி மாதிரி.

மூன்று ராத்திரி எனக்குக் கிடைத்தது.
கல்லைப் பழைய இடத்தில் வைக்க
ஒரு ராத்திரி போதும்.
கடப்பாரை கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது.
புரண்டு புரண்டு படுத்தேன், அவ்வளவுதான்.

வருஷம் ஒரு சாண்.
அதற்கு மேல் ஆசைப்பட்டதில்லை.
ஐப்பசி மழை விட்ட மறுநாள்
ஆடுகிற பல்லைப் போல நிற்கும் கல்.
பிடுங்கிக் கிழக்கே நட்டு
பழைய குழியில் ஆட்டுப் புழுக்கை போட்டு மிதித்தால்
விடிவதற்குள் மண் மறந்துவிடும்
என்றுதான் நினைத்திருந்தேன்.
பதினோரு வருஷம். பதினோரு சாண்.
வரப்பும் என் பின்னாலேயே வந்தது.

பக்கத்துக் காடு அருள்பிரகாசியுடையது.
புருஷன் திருப்பூர்ச் சாயப்பட்டறைக்குப் போனவன்
போனவன்தான்.
அவளுக்குக் கிணறு உண்டு, தண்ணீர் கிடையாது.
எனக்கு அறுநூறு அடியில் போர் இருக்கிறது.
இதுவரை அவள் கேட்டதில்லை.

நாலாம் நாள் காற்று கொஞ்சம் அசந்தது.
தரையில் சுண்ணாம்பால் பெரிய பெருக்கல் குறி போட்டார்கள்;
அதை ஒரு ஆடு நக்கியது.
சித்தூர் சர்வேயர் ஷிஜி
ஆட்டை மலையாளத்தில் விரட்டிப் பார்த்து
அது போகாததால் தமிழில் விரட்டினாள்.
ட்ரோன் ஏறியது.
காக்கைகள் அதைக் கள்ளுமரம் வரைக்கும் துரத்திவிட்டுத்
திரும்பி வந்து உட்கார்ந்தன.
கொழிஞ்சாம்பாறை பஸ்ஸில் போகிறவர்கள்
ஜன்னலில் கழுத்தை நீட்டினார்கள்.
நான் கல்லைப் பார்த்தேன்.
கல் நேராகத்தான் நின்றது.

சாயங்காலம் புளியமரத்தடியில் மடிக்கணினி.
எங்கள் வாயில் நஞ்சை, புஞ்சை;
அவர்கள் தாளில் நிலம், புரையிடம்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம்.
என் கடலைக்காடு பச்சையாக விரிந்தது,
பொறுப்பாக, வரிசை வரிசையாக.
அதன் நடுவில் வடக்கு தெற்காக
நரைத்த வகிடு ஒன்று.

நூறு வருஷம் கால் மிதித்து இறுகிய வரப்பு.
நான் உழுதேன், உரம் போட்டேன்,
அதன்மேல் கடலை வெளுத்துத்தான் முளைத்திருக்கிறது.
குனிந்து களையெடுத்த கண்ணுக்கு
ஒருநாளும் தெரிந்ததில்லை.

"இதெந்தா சேட்டா?"
ஷிஜியின் விரல் திரையில் அந்தக் கோட்டின்மேல்.

"வாய்க்கால்" என்றேன்.
வாய் தானாகச் சொன்னது.
"பழைய வாய்க்கால். மூடிப்போச்சு."

அருள்பிரகாசி எனக்குப் பின்னால் நின்றிருந்தாள்.
முந்தானையில் தக்காளிப் பிஞ்சின் வாசம்.
அவளுக்குத் தெரியாதா?
கல்யாணமாகி வந்த வருஷம்
அந்த வரப்பில்தான் கூடையோடு வழுக்கி விழுந்தாள்;
நான் சிரித்தேன்கூட.

"ஆமா" என்றாள்.
"வாய்க்கால்தான்."

ஷிஜி என்னவோ தட்டினாள்.
நரைத்த கோட்டின்மேல் ஒரு நீலக் கோடு படிந்தது.
இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்:
நான் தமிழில்,
அவள் பள்ளிக்கூடத்தில் படித்த மலையாளத்தில்.

ஜீப் தூசி அடங்கியது.
ஆடுகளைப் பிடித்துக்கொண்டு போகிறவள்
நின்று, திரும்பாமல், கேட்டாள்:

"அந்த வாய்க்கால்ல தண்ணி எப்ப வரும்?"

அன்று ராத்திரி கடப்பாரையை எடுத்தேன்.
பூ இறங்கின கடலைச் செடிகளைப் பிடுங்கி ஓரமாய் வைத்தேன்.
இறுகிய மண், சீக்கிரம் விட்டுக்கொடுக்கவில்லை.
ஒரு குழியில்
மக்காத புழுக்கை கொஞ்சம் கிடைத்தது.
தெற்கு மூலையில் கிழக்கே வெட்டித் திருப்பி
மோட்டாரைப் போடும்போது மணி நாலரை.

தண்ணீர் தயங்கித் தயங்கி,
நுரையும் சருகுமாக,
முதல்முறையாக அந்த வழியே போயிற்று.
அவள் தக்காளி நாற்றங்காலில் நின்றிருந்தாள்.
நிமிர்ந்து பார்க்கவில்லை.
குதிகாலால் மடையைத் தள்ளித்
திறந்துவிட்டாள்.