கைமாற்று

பேரவைக் கூட்டத்தின் பதினான்காம் விடயம்
வெள்ளி மத்தியானம் என் மேசைக்கு வந்தது.
சோற்றுப் பார்சலை மூடிவைத்துக் கோவையைத் திறந்தேன்.
"மண்டூர்க் காணி: விற்க அதிகாரம் உண்டா?"
கீழே பதிவாளரின் சிவப்புப் பேனா:
திங்களுக்கு முன் தேவை, மிஸ் கோகிலமலர்.

சட்டம் சொல்கிறது
பல்கலைக்கழகம் ஓர் ஆள்.
அது வழக்காடலாம், அதன்மேலும் வழக்காடலாம்.
இடையறாத வழியுரிமை உண்டு, அதாவது சாவில்லை.
பொது இலச்சினை உண்டு, அதாவது ஒரு கை.
பசியைப் பற்றி ஒன்றும் எழுதப்படவில்லை.
ஆனால் பசிக்கிறது.
பெண்கள் விடுதியின் இரண்டாம் மாடியில்
மழை வந்தால் வாளி வைத்துத்தான் படுக்கிறார்கள்.
ஆய்வுகூடத்துக் குளிரூட்டி செத்து ஒரு வருடம்.
சூரிய மின் கம்பனி ஒன்று
முழுக் காசையும் ஒரே காசோலையில் தருகிறதாம்.

நான் வினைச்சொற்களைத் தேடிப் போனேன்.
பெற. வைத்திருக்க. குத்தகைக்கு விட.
பிறகு ஓர் அரைப்புள்ளி. பிறகு,
கைமாற்ற.
அது விற்பதா?
எங்கள் ஊரில் கைமாற்று என்றால்
திருப்பிக் கொடுக்கவேண்டிய காசு.
சட்டத்தரணி தவேந்திரராசா மூன்று பக்கத்தில் எழுதியிருந்தார்:
"அதிகாரம் உண்டு, ஆயின்"
அந்த ஆயினுக்குப் பிறகு இரண்டே முக்கால் பக்கம்.

இரும்பு அலுமாரியில் பழைய உறுதி.
கொடுத்தவர்: வேலாப்போடி மகள் தங்கப்பொன்.
பதினொரு ஏக்கர் வயலுக்குச் சொந்தக்காரி,
தொழில் என்ற இடத்தில் நொத்தாரிசு போட்டது
'இல்லை'.
காரணம்: அன்பும் பட்சமும்.
பிள்ளைகளுக்கு எழுதும் அதே வாய்பாடு.
வடக்கே வாய்க்காலும் வரம்பும்,
கிழக்கே தில்லை மரங்கள் நிற்கும் வாவிக்கரை,
தெற்கே பூபாலபிள்ளையின் வயல்,
மேற்கே முடிக்குரிய காணி.
இதற்குள் அடங்கிய யாவற்றையும்
என்றென்றைக்கும் ஆண்டனுபவிக்கவும்.
கையொப்பத்துக்குப் பதில் இடது பெருவிரல்.
ரேகை இன்னும் தெளிவாக இருந்தது,
தட்டச்சுத்தான் மங்கிவிட்டது.

சனிக்கிழமை நில அளவையாளர் இல்யாசோடு
குருமண்வெளியில் பாதை ஏறிப் படுவான்கரைக்குப் போனேன்.
நாலு கல்லில் மூன்று அகப்பட்டன.
நாலாவதுக்கு அவர் சப்பாத்தைக் கழற்றி
முழங்கால் தண்ணீரில் இறங்கிக் காலால் தடவினார்.
"இருக்கு மிஸ். தண்ணிக்குக் கீழ இருக்கு."
வரைபடத்தில் அதைச் சுற்றிப் புள்ளிக்கோடு.

குத்தகைக்காரர் நேசதுரை
மருந்துத் தாங்கியை முதுகிலிருந்து இறக்காமலே கேட்டார்:
"கம்பஸ் ஆக்களா? இந்தமுறைக் காசு கட்டியாச்சிகா."
வந்த காரணத்தைச் சொன்னேன்.
"இத விக்கேலுமா? ஆரு கையெழுத்து வைக்கிற?
கம்பஸுக்குக் கை இருக்கா?"
இருக்கிறது என்றேன்.
ஒரு கிலோ முந்நூறு கிராம், வார்ப்பிரும்பு.
பதிவாளரின் அலுமாரிக்குள். திறப்பு என்னிடம்.
அவர் சிரிக்கவில்லை. வரம்பைப் பார்த்தார்.
"மறுகா, வெட்டினதுக்குப் பிறகு விக்கச் சொல்லுங்க."

திங்கள் இரண்டரைக்குப் பேரவை கூடியது.
வெளிவாரி உறுப்பினர் ஒருவர் எழுந்து
"அதிகாரம் உண்டா என்பதல்ல கேள்வி" என்றார்,
எது கேள்வி என்று சொல்லாமலே உட்கார்ந்தார்.
மாணவர் நலன் பொறுப்பாளர் வாளிகளின் படத்தைக் காட்டினார்.
ஒருவரும் அதை நெடுநேரம் பார்க்கவில்லை.
கட்லட் வந்தது. தேநீர் வந்தது.
ஆணைக்குழுவின் அபிப்பிராயம் கிடைக்கும்வரை
விடயம் ஒத்திவைக்கப்பட்டது என்று நான் எழுதினேன்.
புள்ளிக்கோட்டைப் பற்றி எழுத இடம் இருக்கவில்லை.

அன்றிரவு பெருமழை.
நேசதுரை படுத்திருக்கமாட்டார்,
வக்கடை வெட்டிவிட மண்வெட்டியோடு நிற்பார்.
நாலாவது கல் இன்னும் ஆழத்துக்குப் போயிருக்கும்.
இரண்டாம் மாடியில் எத்தனை வாளி என்று எனக்குத் தெரியும்,
படத்தில் எண்ணியிருந்தேன்.
பதினொன்று.
ஏக்கர்க் கணக்கும் அதுதான்.
அதில் அர்த்தம் ஒன்றும் இல்லை,
ஆனாலும் விடியும்வரை
இரண்டையும் மாறி மாறி எண்ணிக்கொண்டு கிடந்தேன்.